வலித்தால் பால் இறங்காது

1948இல் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் என்ற ஆய்வாளர் தம்பதி ஒரு விசித்திரமான சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு தாயும் அவர் குழந்தையும்தான் சோதனைக்கு உட்பட்டவர்கள். பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தையை எடை போட்டு, எவ்வளவு குடித்தது என்று கணக்கெடுத்தார்கள். சில நாள்கள் தாயை நிம்மதியாக விட்டார்கள். சில நாள்கள் பாலூட்டும்போதே அவர் கால்களைப் பனிக்கட்டி நீரில் வைக்கச் சொன்னார்கள்; கால் கட்டைவிரலை வலிக்க இழுத்தார்கள்; மனக்கணக்குக் கேட்டு நடுவில் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். நிம்மதியான நாள்களில் குழந்தைக்குச் சராசரியாக 168 கிராம் பால் கிடைத்தது. இம்சைப்பட்ட நாள்களில் 99 கிராம். அதே இம்சையோடு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ஊசியாகவும் போட்ட நாள்களில் 153 கிராம்.

ஊசி போட்டதும் பால் கிடைத்தது என்றால், மார்பில் பால் இருந்திருக்கிறது. அதை வெளியே தள்ளும் வேலைதான் தடைப்பட்டிருந்தது. ஒரே ஒரு தாயிடம் நடந்த சோதனை என்பதால் அதை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரின் ரத்தத்திலேயே ஆக்ஸிடோசினை அளந்து பார்த்தார்கள். இரைச்சலும் மனக்கணக்குத் தொந்தரவும் இருக்கும்போது அந்த ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பது குறைந்துபோனது.

இப்போது நம் ஊர்ப் பிரசவ வார்டுக்கு வருவோம். பிரசவமாகி மூன்றாம் நாள். குழந்தை குறைமாதம் என்று இன்குபேட்டரில் இருக்கிறது, அல்லது மஞ்சள் காமாலைக்காக நீல வெளிச்சத்தின் கீழே கிடக்கிறது, அல்லது காம்பைப் பிடிக்கத் தெரியாமல் வீறிடுகிறது. "பால் எடுத்துக் குடுங்கம்மா" என்கிறார் நர்ஸ். பம்பை வைத்ததும் தாய்க்கு உயிர் போகிறது. "மொதல்ல அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கோ" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். புட்டியின் அடியில் நாலு சொட்டு. விசையைக் கூட்டினால் வருமோ என்று பொத்தானை அழுத்துகிறார். வலி கூடுகிறது, சொட்டு கூடவில்லை. நியூட்டன் தம்பதி செய்த சோதனையை அந்தத் தாய் தன்மேலேயே நடத்திக்கொண்டிருக்கிறார், ஊசி இல்லாமல்.

பம்ப் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பாதி உண்மை. பால் ஊறுவது மார்பின் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான நுண்ணறைகளில். ஒவ்வொரு நுண்ணறையையும் தசைத்தன்மை கொண்ட செல்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. காம்பைத் தொட்டதும், நான்காவது விலா எலும்பை ஒட்டி வரும் நரம்பு அந்தச் செய்தியைத் தண்டுவடம் வழியாக மூளைக்குக் கொண்டுபோகிறது. பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. அது மார்புக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் செல்கள் சுருங்கி நுண்ணறைகளைப் பிழிகின்றன. பால்குழாய்கள் விரிகின்றன. "பால் இறங்குது" என்று தாய்மார் சொல்வது இதைத்தான். இது நடப்பதற்கு முன் எவ்வளவு விசையாக உறிஞ்சினாலும் குழாயின் முனையில் இருக்கும் கொஞ்சம்தான் வரும். குழந்தையின் அழுகுரலைக் கேட்டாலே சிலருக்குப் பால் இறங்கிவிடும். வலியும் பயமும் வந்தால் அட்ரினலின் கூடும். அது ஆக்ஸிடோசின் சுரப்பதையும் தடுக்கும், மார்புக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் சுருக்கும். ஆகவே வலியைப் பொறுத்துக்கொண்டால் பால் அதிகம் வரும் என்ற கணக்கு அடிப்படையிலேயே தப்பு.

எல்லா வலியும் கோளாறின் அறிகுறியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பம்ப் தொடங்கிய சற்று நேரத்தில் மார்புக்குள் சுருக்கென்று குத்தி ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், அது பெரும்பாலும் பால் இறங்கும் உணர்வு. அப்போதே அடிவயிறு இழுத்துப் பிடித்தால், அதே ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது என்று பொருள். இரண்டாம், மூன்றாம் பிரசவத்தில் இந்த இழுப்பு கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். பிரசவத்தை ஒட்டிய நாள்களில் மார்பின் தொடுவுணர்வே பல மடங்கு கூர்மையாகிறது என்று 1977இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதனால் அந்த முதல் சில நாள்களில் துணி பட்டாலும் கூசும். பம்ப் ஓடும் நேரம் முழுக்க நீடிக்கும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, காம்பில் வெடிப்போ ரத்தமோ காட்டும் வலி ஆகியவை வேறு வகை. அவற்றுக்குக் காரணம் தேட வேண்டும்.

முதல் இரண்டு நாள்களுக்குப் பம்பே சரியான கருவி இல்லை என்பது என் எண்ணம். அப்போது ஊறுவது சீம்பால். கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே அது சரியான அளவு. அந்தச் சொற்பமும் பம்பின் புனலிலும் வால்விலும் ஒட்டிக்கொண்டு புட்டியை எட்டாது. மில்லிலிட்டர் கோடு போட்ட அந்தப் புட்டியைப் போலப் புதுத் தாயை அழவைக்கும் பொருள் வேறில்லை. இந்த நேரத்துக்குக் கையால் பீய்ச்சுவதே மேல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால், எதிரெதிராக வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி லேசாக அமுக்கி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விட வேண்டும். தோலின் மேல் விரலை இழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்துப் பிதுக்கக் கூடாது. வரும் சொட்டுகளைப் பாலாடையிலேயே நேராகப் பிடித்துக் குழந்தைக்குப் புகட்டலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாலாடை இன்று இந்தியா முழுக்கப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் புழங்கும் கருவி. கலிபோர்னியாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து 12 முதல் 36 மணி நேரத்தில் கையால் பீய்ச்சக் கற்ற தாய்மார், பம்ப் வைத்துக்கொண்டவர்களைவிட இரண்டு மாதம் கழித்தும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தது அதிகம்.

மூன்றாம் நான்காம் நாளில் கதை மாறும். நஞ்சுக்கொடி வெளியேறியதும், பால் சுரப்பைத் தடுத்துவந்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிகிறது. அந்தத் தடை நீங்கியதும் பால் பெருகத் தொடங்குகிறது. மார்பு கல்லாக இறுகும். இதைப் 'பால் கட்டிக்கொண்டது' என்கிறோம். உள்ளே கட்டியிருப்பது பால் மட்டுமில்லை. பெருகி வந்த ரத்தமும் திசுக்களுக்கிடையே தேங்கிய நீரும் சேர்ந்த வீக்கம் அது. பிரசவத்தின்போது குளுக்கோஸ் பாட்டில் பாட்டிலாக ஏறியிருந்தால் இந்த நீர்வீக்கம் கூடுதலாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள், குளுக்கோஸ் ஏற்றப்படும் சிசேரியன் என்பதால், இது நம் வீடுகளில் பலருக்கும் நேர்வது. வீங்கிய மார்பில் பம்பை வைத்தால் அந்த நீரையும் அது காம்புப் பக்கம் இழுக்கும். காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதி உப்பி, புனலுக்குள் புடைத்துக்கொண்டு, பால்குழாய்களையே நெரிக்கும். பம்ப் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது எளிது: ஐந்து விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக, வலிக்காமல், ஒரு நிமிடம் அமுக்கிப் பிடிப்பது. நீர் பின்னால் விலகி, கரும்பகுதி இளகிவிடும்.

பம்பின் கதையே தனி. 1920களில் அமெரிக்காவில் நல்லபடி ஓடிய மின்சாரப் பம்பை உருவாக்கியவர் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியாளர். அவர் ஒரு சதுரங்க வித்தகரும்கூட.  அவர் வழி வந்த பம்புகளின் விசை காம்பைப் புண்ணாக்குகிறது என்று கண்டு அதைத் திருத்த இறங்கியவர் ஐனார் எக்னெல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். பால் கறக்கும் இயந்திரங்களைப் படித்து, ஸ்டாக்ஹோம் மருத்துவமனையின் மாயா கிண்ட்பெர்க் என்ற நர்ஸோடு சேர்ந்து பல ஆண்டு வேலை செய்தார். அவர் 1956இல் எழுதிய முடிவு: உறிஞ்சு விசை வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே 200 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டக் கூடாது. அவருடைய இயந்திரத்துக்கு அந்த நர்ஸின் பெயரே வைக்கப்பட்டது.

குழந்தை எவ்வளவு விசையோடு உறிஞ்சுகிறது? மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹார்ட்மன் வளர்த்தெடுத்த ஆய்வுக்குழு அளந்தபோது, நாக்கு கீழே இறங்கும் கணத்தில் உச்ச விசை சராசரியாக 145 மில்லிமீட்டர் பாதரசம் என்று தெரிந்தது. அதுவும் இடைவிடாமல் இல்லை. குழந்தை முதலில் நொடிக்கு இரண்டு தடவை போல வேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாகி, விழுங்கி, நடுவில் ஓய்வெடுக்கும். இன்றைய நல்ல பம்புகளில் முதலில் வேகமான, இலேசான துடிப்பும் பிறகு மெதுவான, ஆழமான இழுப்பும் இருப்பதற்கு இதுவே காரணம். முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பெரிய விசைக்குப் போகிறவர்கள் காம்பை வீணாகப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

அதே குழு 2008இல் இன்னொன்றைக் கண்டது. ஒவ்வொரு தாயும் தனக்குத் தொந்தரவில்லாமல் தாங்கக்கூடிய மிக அதிக விசையை வைத்துக்கொண்டபோதுதான் பால் விரைவாகவும் நிறையவும் வந்தது. அந்த எல்லை சராசரியாக 190ஐ ஒட்டி இருந்தாலும், தாய்க்குத் தாய் அது மிகவும் வேறுபட்டது. பக்கத்துக் கட்டில்காரிக்கு எட்டாம் எண்ணில் வசதி என்றால், உங்களுக்கு நாலாம் எண்ணிலேயே அது முடிந்துவிடலாம். பால் இறங்கியபின் விசையைப் படிப்படியாகக் கூட்டி, எங்கே உறுத்தத் தொடங்குகிறதோ அங்கிருந்து ஒரு படி இறக்கி நிறுத்துவதுதான் முறை.

விசையைவிட அதிகம் வலிக்கவைப்பது புனல். பம்பில் மார்பின் மேல் பொருந்தும் பகுதியை 'ஃபிளாஞ்ச்' என்கிறார்கள். காம்பு உள்ளே போய்வரும் அதன் குழலின் உள்விட்டம்தான் அதன் அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். அது யாருக்குப் பொருந்தும் என்று கேட்டு எந்தக் கடையிலும் விற்பதில்லை. செருப்புக்கூட அளவு பார்த்துத்தான் தருகிறார்கள். குழல் சிறிதானால் காம்பின் பக்கங்கள் உரசிச் சிவந்து, தோல் உரியும். பெரிதானால் கரும்பகுதியும் சேர்ந்து உள்ளே இழுபட்டு வீங்கும். பம்பை எடுத்ததும் காம்பைச் சுற்றி வட்டமாகத் தடம் தெரியும். பள்ளிக்கூட அளவுகோலால் காம்பின் அடிப்பகுதி விட்டத்தை, கரும்பகுதியைச் சேர்க்காமல், அளக்கலாம். அதோடு ஓரிரு மில்லிமீட்டர் கூட்டிய அளவிலிருந்து தொடங்கி, காம்பு நடுவில் நின்று உரசாமல் போய்வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மார்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. வீக்கம் வடிந்தபின் அளவு மாறவும் செய்யும். குழலின் உட்புறம் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் உரசல் குறையும்.

புனலை மார்போடு அழுத்திப் பிடிப்பது அடுத்த தப்பு. காற்றுப் புகாமல் இருக்க லேசாகப் பட்டால் போதும்; காரணம், பால்குழாய்களின் அமைப்பு. 1840இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் அறுவை மருத்துவர், இறந்த பெண்களின் பால்குழாய்களில் மெழுகு செலுத்தி வரைந்த படங்களைத்தான் 160 ஆண்டுக்கு மேல் பாடநூல்கள் நம்பியிருந்தன. காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகள் இருப்பதாகவும், மார்புக்கு 15, 20 குழாய்கள் திறப்பதாகவும் படித்தோம். 2005இல் ஹார்ட்மன் குழு பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அந்தப் பைகளைக் காணோம். குழாய்களும் சராசரியாக ஒன்பதுதான். அவை தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன, சுலபமாக நசுங்குகின்றன. அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்ப் ஓட்டுவது, ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு இளநீர் உறிஞ்சுவதுதான்.

பம்ப் ஓடும்போது சும்மா இருந்து, எடுத்தபின் எரியும் காம்பு ஒரு தனி இனம். நுனி வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, ரத்தம் திரும்பும்போது சிவந்து தெறிக்கும். காம்பின் சிறு ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்வதால் வருவது இது. விரல்களில் இதே கோளாறை 1862இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். நம் நிறத்தில் அந்த வெளுப்பு சட்டென்று தெரியாது என்பதால் நுனியை உற்றுப் பார்க்க வேண்டும். ஏசி அறை, முகத்துக்கு நேராக வைத்த ஃபேன், ஈரக் காம்பில் படும் காற்று எல்லாம் இதைத் தூண்டும். பம்பை எடுத்த உடனே உலர்ந்த இளஞ்சூட்டுத் துணியால் மூடினால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் நிஃபெடிபின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்தை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. இந்த வலியைப் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து வாரக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மார்பின் ஒரு பக்கம் கட்டி போலத் தட்டுப்பட்டு வலித்தால் நம் வீடுகளில் நடப்பது தெரிந்ததுதான்: வெந்நீர் ஒத்தடம், பிறகு யாராவது அனுபவசாலி வந்து கண்ணீர் வரப் பிழிந்துவிடுவது, பிறகு சொட்டு மிச்சமில்லாமல் பம்ப். மருத்துவர்களும் வெகுகாலம் இதையே சற்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி அதைத் தலைகீழாக்கியது. குழாயில் பால் திரண்டு அடைத்துக்கொண்டது என்பதைவிட, சுற்றியுள்ள திசு வீங்கிக் குழாயை நெருக்குகிறது என்பதே சரியான சித்திரம் என்கிறது அது. வீங்கிய திசுவைப் பிசைந்தால் சின்ன ரத்தக்குழாய்கள் அறுந்து வீக்கம் கூடும். ஆகவே பிசையக் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த ஒத்தடமோ வைக்க வேண்டும். தேவைக்கு மேல் பம்ப் செய்யக் கூடாது. கடைசி விதிதான் பலருக்கும் ஜீரணமாகாது. ஆனால் மார்பு எடுத்த அளவுக்கு ஊறும் உறுப்பு. கட்டி கரையட்டும் என்று கூடுதலாக எடுத்தால், மறுநாள் கூடுதலாக ஊறும், மறுபடி கட்டும். குழந்தை குடிக்கும் அளவுக்கு, அல்லது குழந்தை பக்கத்தில் இல்லையென்றால் அதற்குத் தேவைப்படும் அளவுக்கு எடுத்தால் போதும்.

இந்த இடத்தில் மல்லிகைப் பூவைச் சொல்லாமல் போக முடியாது. மார்பு கட்டினால் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய கைவைத்தியம். பால் வற்ற வேண்டிய நிலையில் இருந்த தாய்மாரிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் வற்றுவதற்கு அன்று தரப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பால் ஊறவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரண்டிலும் குறைந்தது, மாத்திரையில் அதிகமாக. பால் குறைவதிலும் கட்டு தளர்வதிலும் பூவும் மாத்திரையும் கிட்டத்தட்டச் சமம். குழந்தைக்குப் பால் வேண்டும் என்று பம்ப் செய்துகொண்டிருக்கும் தாய்க்கு, வலி குறையட்டும் என்று யாராவது பாசத்தோடு மல்லிகையைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வே சொல்லிவிடுகிறது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், மார்பில் பரவும் சூடும் சிவப்பும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. பாக்டீரியாத் தொற்றாக இருந்தால் ஆண்டிபயாடிக் வேண்டும். சீழ் கட்டினால் ஊசியால் உறிஞ்சியோ கீறியோ எடுக்க வேண்டும். அந்த நாள்களில் பால் சற்று உப்புக் கரிக்கும், ஏனென்றால் அழற்சியில் செல்களுக்கிடையேயான இறுக்கம் தளர்ந்து சோடியம் உள்ளே கசிகிறது. நாள் நிறைந்து பிறந்த நலமான குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்கலாம். சில குழந்தைகள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

பச்சை உடம்புக்காரிக்கு மாத்திரை என்றாலே வீட்டில் பயம், பாலில் கலந்துவிடும் என்று. பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் குழந்தைகளுக்கே நேராகத் தரப்படும் மருந்துகள். பாலில் அவை சேரும் அளவு சொற்பம். ஐபுபுரூஃபனில் குழந்தைக்குப் போய்ச் சேருவது, எடைக்கு எடை கணக்கிட்டால், தாய் எடுத்ததில் ஒரு சதவீதம்கூட இல்லை. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கோடீன் கலந்த மாத்திரைகள் பாலூட்டும் யாருக்கும் வேண்டாம். மற்றபடி, தையல் வலியும் மார்பு வலியும் சேர்ந்து வாட்டும் அந்த முதல் வாரத்தில், மருத்துவர் எழுதிய மாத்திரையை வேளை தவறாமல் போடுவதும், பம்ப் வைக்க அரை மணி நேரம் இருக்கும்போது அந்த வேளை அமைவது போலப் பார்த்துக்கொள்வதும் நல்லது.